காட்டுப் பருத்தியின் குணத்தை வயல் பருத்திக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காட்டுப் பருத்தியின் காயை முதல் தடவை பிரித்துப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். சின்னக் காய். உள்ளே நாலைந்து விதை. விதையின் மேல் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூனைமுடி. நூற்பதற்கு ஒரு இழைகூடத் தேறாது. இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பார்கள்.

அதே செடியைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பக்கத்துப் பாத்தியில் தத்துப்பூச்சி தாக்கி ரகப் பருத்தியின் இலை ஓரமெல்லாம் சிவந்து கிண்ணம் மாதிரி மடங்கிக் கிடக்கும்போது, மருந்தே காணாத இது பச்சையாக நிற்கும். பஞ்சுக்காக மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த செடி வழியில் தொலைத்துவிட்ட குணங்கள் இதனிடம் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் எடுத்து, மற்றதை எல்லாம் காட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் நம் வேலை. எடுப்பதற்கு ஒரு பருவம் போதும். விட்டுவிட்டு வருவதற்குத்தான் பத்து வருடம் ஆகும்.

தொடங்கும் முன்: குரோமோசோம் கணக்கு

பருத்திப் பேரினத்தில் ஐம்பதுக்கு மேல் இனங்கள் உண்டு. பஞ்சுக்காகப் பயிராவது நாலுதான். நம் கருங்கண்ணி ஆர்போரியம் இனம், உப்பம் ஹெர்பேசியம் இனம். இரண்டுக்கும் குரோமோசோம் 26. கம்போடியா, எம்.சி.யு. 5 ரகங்கள் எல்லாம் ஹிர்சுட்டம் இனம். மிக நீண்ட இழை தரும் சுவின், பார்படென்ஸ். இந்த இரண்டுக்கும் 52. காட்டு இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 26தான்.

குரோமோசோம் தொகுதிகளை ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கருங்கண்ணியும் உப்பமும் ஏ. அமெரிக்கக் கண்டத்து 26 குரோமோசோம் காட்டுப் பருத்திகள் டி. ஹிர்சுட்டத்துக்குள் ஏ, டி இரண்டும் இருக்கின்றன. பத்து இருபது லட்சம் வருடங்களுக்கு முன்னால் பழைய உலகத்து ஏ பருத்தி ஒன்றும், பெரு நாட்டு ரைமாண்டி போன்ற டி பருத்தி ஒன்றும் தாமாகவே சேர்ந்ததால் பிறந்தது அது. ரைமாண்டியில் நூற்கும் பஞ்சு கிடையாது. ஆக, இன்று உலகத்துக்கே துணி கொடுக்கும் செடியில் பாதி, பஞ்சில்லாத ஒரு காட்டுச் செடியின் வழி வந்தது. காட்டுப் பருத்தியை ஏளனமாகப் பார்ப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

13, 26, 39, 52, 65, 78. இந்த ஆறு எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் இவற்றைச் சுற்றித்தான்.

படி 1: எந்தக் குணம், எந்தச் செடி

'நல்ல ரகம் வேண்டும்' என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. ஒரே ஒரு குறையை எழுதுங்கள். உங்கள் ரகத்தில் ஏற்கெனவே உள்ள குறையாக, வேறு நாட்டு ரகத்திலோ பக்கத்து ரகத்திலோ தீர்வு கிடைக்காத குறையாக அது இருக்கட்டும். ரகத்துக்கு ரகம் ஒட்டுச் சேர்த்தே தீர்த்துவிட முடியும் என்றால் காட்டுக்குப் போக வேண்டாம்.

எந்தச் செடியிடம் என்ன வாங்கலாம் என்பதற்குச் சில உதாரணங்கள். அரிசோனாவிலும் வட மெக்சிகோவிலும் வளரும் தர்பெரியிலிருந்து இழையின் வலிமை வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் அனோமலத்தில் பாக்டீரியா கருகலைத் தாங்கும் குணம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் லாங்கிகேலிக்ஸை, வேரைத் தாக்கும் மொச்சை வடிவ நூற்புழு தொடுவதே இல்லை. பாஹா கலிபோர்னியாவின் ஆர்மோரியானத்திடமிருந்து வெள்ளை ஈயைத் தாங்கும் குணத்தை எடுக்க லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் உழைத்திருக்கிறது. நம் துணைக்கண்டத்திலேயே கட்ச், சிந்து பகுதிகளில் ஸ்டாக்சி என்ற காட்டுப் பருத்தி வறட்சியோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. வட இந்தியாவையும் பாகிஸ்தானையும் ஆட்டிப்படைத்த இலைச்சுருள் நோய்க்கு எதிர்ப்பு தேடுகிறவர்கள் அதையும் பார்க்கிறார்கள்.

ஒரு குணத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். இலையில் அடர்ந்த முடி இருந்தால் தத்துப்பூச்சி முட்டையிடத் திணறும். ஆனால் அதே முடி வெள்ளை ஈக்கு வசதி. அறுவடையில் இலைத்தூசியும் பஞ்சில் ஒட்டும். தத்துப்பூச்சி மட்டுமே தொல்லை என்ற ஊருக்கு முடி சரி. வெள்ளை ஈ மிகுந்த ஊருக்கு வழுவழு இலைதான் நல்லது. பாக்டீரியாவின் மரபணு ஒன்றைச் சேர்த்து உருவாக்கிய பிடி பருத்தி வந்த பிறகும் இந்தக் கேள்வி தீரவில்லை. அந்த மரபணு காய்ப்புழுவுக்கு எதிராகச் சேர்த்தது, சாறு உறிஞ்சும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது.

படி 2: விதை வாங்குவதும் பூக்க வைப்பதும்

இந்தியாவில் காட்டுப் பருத்திகளைத் தோட்டமாகவே பராமரிக்கும் இடம் நாக்பூரில் 1976-இல் தொடங்கிய மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையம். அதன் வட்டார நிலையம் கோவையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விதை வர வேண்டும் என்றால் டெல்லியின் தேசியத் தாவர மரபு வளப் பணியகம் வழியாக, இறக்குமதி அனுமதியோடும் தொற்றுத் தடுப்புச் சோதனையோடும்தான் வர வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த விதையால் புது நோய் வந்து சேர்ந்தால் அதற்கு மருந்தே கிடையாது.

காட்டு விதையின் தோல் கல் மாதிரி இருக்கும். ரகப் பருத்தி போல ஊற வைத்து ஊன்றினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்தில் பிளேடால் மெல்லக் கீறி, அல்லது உப்புத்தாளில் தேய்த்து, பிறகு ஊற வையுங்கள். பெரிய தொட்டியிலோ சிமெண்ட் உறையிலோ வளருங்கள். இவை பல வருடச் செடிகள், நகர்த்தும் வசதி இருந்தால் நல்லது.

பலருக்கு இங்கேதான் ஒரு வருடம் வீணாகிறது. பல காட்டுப் பருத்திகள் பகல் குறைந்தால்தான் பூக்கும். கோடையில் ஆளுயரம் வளர்ந்து ஒரு சப்பைகூட வைக்காது. அக்டோபருக்கு மேல் பகல் சுருங்கும்போதுதான் மொட்டு தெரியும். கோவைப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைக்கும் குளிர்காலப் பருத்தி இதற்குப் பொருந்தும். ரகப் பருத்தியை மட்டும் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை விதையுங்கள். காட்டுச் செடி எப்போது பூத்தாலும் இந்தப் பக்கம் மொட்டு தயாராக இருக்கும்.

படி 3: எந்த வழியில் சேர்ப்பது

மூன்று வழி உண்டு.

முதல் வழி எளிது. ஹவாய்த் தீவின் டொமென்டோசம், பிரேசிலின் மஸ்டெலினம், கலாபகோஸின் டார்வினி ஆகியவை காட்டுச் செடிகளானாலும் 52 குரோமோசோம் உள்ளவை. நேரடியாக ஹிர்சுட்டத்தோடு சேர்க்கலாம். பிள்ளைச்செடி காய் பிடிக்கும். டொமென்டோசத்தின் இலையிலும் பூவடியிலும் தேன் சுரப்பி கிடையாது. தேனைத் தேடி வரும் பூச்சி குறையட்டும் என்று அந்தக் குணத்தை அமெரிக்காவில் ரகப் பருத்திக்கு மாற்றினார்கள். சூரத்தில் சி.டி. பட்டேல் 1970-இல் கொடுத்த எச்-4, உலகத்தின் முதல் வணிக வீரிய ஒட்டுப் பருத்தி. அதன் ஆண் பெற்றோரின் பெயரே 'அமெரிக்கன் நெக்டரிலெஸ்', அதாவது தேன்சுரப்பி இல்லாதது.

இரண்டாவது வழியில் 52-ஐயும் 26-ஐயும் சேர்க்கிறோம். பெற்றோர் ஒவ்வொன்றும் தன் குரோமோசோமில் பாதியைத் தரும்: ஹிர்சுட்டம் 26 தரும், காட்டுச் செடி 13 தரும், பிள்ளைக்கு 39. ஜோடி சேராத குரோமோசோம்களால் அது மலடு. அதை இரட்டிப்பாக்கினால் 78, காய் பிடிக்கும். மறுபடி ஹிர்சுட்டத்தோடு சேர்த்தால் 39-உம் 26-உம் சேர்ந்து 65. அதை மேலும் மேலும் ஹிர்சுட்டத்தோடு சேர்த்து 52-க்கு இறக்க வேண்டும்.

மூன்றாவது வழியில் 26 உள்ள இரண்டு இனங்களை முதலில் சேர்க்கிறோம். பிள்ளை 26, இரட்டித்தால் 52. பிறகுதான் ஹிர்சுட்டம். 1940 வாக்கில் அமெரிக்காவில் பீஸ்லி இப்படித்தான் ஆர்போரியத்தையும் தர்பெரியையும் சேர்த்து, இரட்டித்து, ஹிர்சுட்டத்தோடு இணைத்தார். அந்த மூவினக் கலப்பிலிருந்து வந்த இழை வலிமையை இன்றும் தென் கரோலினாவின் பீ டீ பருத்தி வரிசையில் காணலாம்.

டி இனத்துச் செடி என்றால் நான் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். நமக்கு வேண்டிய மரபணு காட்டுக் குரோமோசோமிலிருந்து ஹிர்சுட்டத்தின் குரோமோசோமுக்குத் தாவ வேண்டுமானால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஜோடி சேர வேண்டும். 78 உள்ள செடியில் காட்டுக் குரோமோசோமுக்குத் தன் இரட்டையே இருக்கிறது. அதோடு ஜோடி சேர்ந்துவிட்டு ஹிர்சுட்டத்தைத் திரும்பிப் பார்க்காது. மூன்றாவது வழியில் அந்த இரட்டை கிடையாது. ஏ-வுக்கு ஏ, காட்டு டி-க்கு ஹிர்சுட்டத்தின் டி என்று ஜோடி தானாக அமையும்.

லாங்கிகேலிக்ஸிலிருந்து நூற்புழு எதிர்ப்பை எடுத்த அமெரிக்கர்கள் இதே கணக்கை அழகாகப் போட்டார்கள். ஹிர்சுட்டத்தையும் லாங்கிகேலிக்ஸையும் சேர்த்து 78 ஆக்கினார்கள். அதை நேராக ஹிர்சுட்டத்திடம் கொண்டுபோகாமல் ஆர்மோரியானத்தோடு சேர்த்தார்கள். 39-உம் 13-உம் சேர்ந்து 52. இப்போது டி-க்கு ஆர்மோரியானத்தின் டி ஜோடி ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது ஏ-யும் லாங்கிகேலிக்ஸும்தான். ஒன்றுக்கு ஒன்றை விட்டால் வேறு துணை இல்லை.

தாய் யார்? பொதுவாக ஹிர்சுட்டம்தான். காய் பெரிது, விதை அதிகம் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு மட்டும் முக்கியமானது. செல்லில் உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசம் தாய் வழியாகத்தான் வரும். அதுதான் வேண்டும் என்றால் காட்டுச் செடியே தாயாக வேண்டும். ஹார்க்னெசி என்ற காட்டுப் பருத்தியை அப்படித் தாயாக்கித்தான் அமெரிக்காவின் மேயர், நல்ல மகரந்தம் தராத ஆண்மலட்டுப் பருத்தியை உருவாக்கி 1975-இல் வெளியிட்டார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. டேவிட்சோனி என்ற காட்டுப் பருத்தியை ஹிர்சுட்டத்தோடு நேரடியாகச் சேர்க்க முயலாதீர்கள். இரண்டின் மரபணுக்களும் ஒன்றுகூடினால் கரு செத்துவிடும். எத்தனை பூவைத் தொட்டாலும் அதேதான்.

படி 4: மொட்டை உரிப்பதும் மகரந்தம் தொடுவதும்

சேலம், தருமபுரிப் பக்கம் வீரிய ஒட்டு விதைக்காகக் கிராசிங் வேலை செய்யும் பெண்களிடம் ஒரு மாலை நின்று பாருங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அது நல்ல பாடம்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆறு மணிக்குள், மறுநாள் காலை பூக்கப்போகும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். இதழ் வெளிர் மஞ்சளாகச் சுருண்டு, வெளிப்பூவடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் நகத்தைப் புல்லிவட்டத்தின் அடியில் பதித்து, சூல்பை நசுங்காமல் சுற்றிக் கீறி, மெல்லத் திருகி மேல்நோக்கி இழுங்கள். இதழும், மகரந்தப்பைகள் ஒட்டிய குழலும் சேர்ந்து ஒரே உறையாகக் கழன்று வரும். நடுவில் வெள்ளையாக, ஈரமாகச் சூல்தண்டு மட்டும் நிற்கும். இதற்கு டோக் முறை என்று பெயர். வெளியில் உள்ள மூன்று பச்சைப் பூவடிச் செதில்களைக் கிழிக்காதீர்கள், பிஞ்சுக்கு அவைதான் காவல். சூல்பையின் வெள்ளைத் தோலில் நகம் பட்டுவிட்டால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள், எப்படியும் உதிரும். உரித்ததும் சிவப்பு டிஷ்யூ காகிதப் பையை மாட்டுங்கள். மறுநாள் காலை வயலில் தேடிக் கண்டுபிடிக்க அந்த நிறம்தான் உதவும்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேல், காட்டுச் செடியின் பூ விரிந்து மகரந்தம் உதிரத் தொடங்கியதும், அந்தப் பூவையே பறித்துவந்து சூல்முடியின் எல்லாப் பக்கமும் தடவுங்கள். பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் மகரந்தம் வீணாகும். வேறு நிறப் பையை மாட்டி, காம்பில் நூல் கட்டி, தாய், தந்தை, தேதி எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.

அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். ஒரு ஐப்பசி மழையில் நான் மையால் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட அட்டைகள் வெளுத்துப் போய்விட்டன. காய்கள் செடியில் இருந்தன, எது எதன் பிள்ளை என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பறித்து எருக்குழியில் போட்டேன். அந்தப் பருவம் அதோடு போயிற்று.

படி 5: காயைத் தக்க வைப்பது

தூரத்து இனக் கலப்பில் காய் பிடித்ததுபோல் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் மஞ்சளாகி விழும். இதைத் தடுக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஜிப்ரெலிக் அமிலமும் 100 மில்லிகிராம் நாப்தலீன் அசிட்டிக் அமிலமும் (இரண்டும் வளர்ச்சி ஊக்கிகள்) கலந்த கரைசலைப் பஞ்சில் நனைத்துப் பிஞ்சின் அடியிலும் காம்பிலும் தொட்டுவிடுவார்கள். மகரந்தம் தொட்ட அன்றிலிருந்து சில நாள் தொடர்ந்து செய்ய வேண்டும்.

அப்படியும் காய்க்குள் கரு பட்டினியால் சாகும் கலப்புகள் உண்டு. அவற்றுக்குத் திசு வளர்ப்புக்கூடம் வேண்டும். மகரந்தம் தொட்ட சில நாளிலேயே காயைப் பறித்து, கிருமி நீக்கி, சூல்களை ஊட்டக்கரைசலில் வளர்த்துக் கருவை மீட்பார்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை. பக்கத்து வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்யுங்கள்.

படி 6: பிள்ளை உண்மையானதா

கிடைத்த விதையில் பாதி தாயின் சொந்த மகரந்தத்தால் வந்ததாக இருக்கக்கூடும். இலை வடிவம், இதழின் அடியில் உள்ள செம்புள்ளி, தண்டின் முடி ஆகியவற்றைப் பெற்றோர் இருவரோடும் ஒப்பிடுங்கள். பூ வந்ததும் மகரந்தத்தை அசிட்டோகார்மின் என்ற சாயத்தில் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். நல்ல மகரந்தம் சிவந்து உருண்டையாகத் தெரியும். 39 உள்ள செடியில் பெரும்பாலும் சுருங்கிய வெறுங்கூடுகள்தான் இருக்கும். இங்கே மலடு என்பது நல்ல செய்தி, கலப்பு நடந்திருக்கிறது என்று பொருள். வசதி இருந்தால் வேர்நுனியில் குரோமோசோமை எண்ணி, மூலக்கூறு அடையாளங்களாலும் உறுதி செய்யுங்கள்.

படி 7: இரட்டிப்பாக்குவது

இதற்கான மருந்து கோல்சிசின். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுப்பதுதான் அது. நம் மாநில மலரான செங்காந்தள் அதே கொடிதான். பருத்தியின் மலட்டைத் தீர்க்கும் சாவி நம் ஊர்க் கொடியில் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது கொடிய விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

0.1 முதல் 0.2 சதவீதக் கரைசலில் நனைத்த பஞ்சை இளங்குருத்தின் மேல் வைத்து, இரண்டு மூன்று நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குருத்து முதலில் கருகியதுபோல் திணறும். பிறகு வரும் இலை தடித்து, கரும்பச்சையாக, சற்றுக் கோணலாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். இலைத்துளை பெரிதாகியிருக்கும், மகரந்தமும் பெரிதாகியிருக்கும். ஒரே செடியில் ஒரு கிளை இரட்டித்தும் இன்னொரு கிளை பழையபடியும் இருப்பது சகஜம். காய் பிடிக்கும் கிளை எதுவோ அதில் நூல் கட்டி, அதிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.

படி 8: பின்கலப்பு

பத்து வருடத்தில் பெரும்பகுதி இதற்கே போகும்.

ஒவ்வொரு தலைமுறையிலும் ஹிர்சுட்டத்தோடு திரும்பச் சேர்க்கச் சேர்க்க, காட்டுப் பங்கு சராசரியாகப் பாதி பாதியாகக் குறையும்: நேரடிக் கலப்பில் 50 சதவீதம், பிறகு 25, 12.5, 6.25, 3.1. வேண்டிய மரபணு ஒன்றே ஒன்று, அது ஓங்கு மரபணு என்றால் பாதிச் செடிகளில் அது இருக்க வேண்டும். ஏழு செடி வளர்த்தாலே ஒன்றிலாவது இருப்பதற்கு 99 சதவீத வாய்ப்பு. ஆனால் ஏழோடு நிறுத்தாதீர்கள். 65 குரோமோசோம் கட்டத்தில் துணையில்லாத 13-இல் எது போகும், எது நிற்கும் என்று சொல்ல முடியாது. நூறு, இருநூறு என்று வளர்த்தால்தான் குணமும் இருந்து, காயும் பிடித்து, செடியும் ஒழுங்காக இருக்கும் ஒன்றிரண்டு தேறும். குணம் ஒடுங்கு மரபணுவால் வருவது என்றால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சுயமகரந்தச் சேர்க்கை செய்து, குணம் வெளிப்படும் செடியைப் பார்த்த பிறகே அடுத்த பின்கலப்பு.

ஒவ்வொரு தலைமுறையையும் எதிரியின் முன் நிறுத்திப் பொறுக்க வேண்டும். தத்துப்பூச்சிக்கு என்றால் வெண்டையைச் சுற்றிலும் இடையிலும் விதைத்துப் பூச்சியைப் பெருக விடுங்கள், பாத்தியில் மருந்து அடிக்காதீர்கள். இலை முழுதும் பச்சை என்றால் தரம் 1. ஓரம் மஞ்சளாகி, சுருண்டு, சிவந்து, கருகி உதிர்ந்தால் தரம் 4. ஒரே ஆள் ஒரே கண்ணால் எல்லாச் செடிக்கும் தரம் போடுவது நல்லது.

வேண்டிய மரபணுவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வேண்டாத மரபணுவும் வரும். பழுப்புப் பஞ்சு, சிறுகாய், பின்தங்கிய பூப்பு எல்லாம் இப்படித்தான் வரும். லாங்கிகேலிக்ஸ் கதையின் மிச்சம் இதற்கு நல்ல பாடம். அந்த எதிர்ப்போடு 2007-இல் லோன்ரென்-1, லோன்ரென்-2 என்று இரண்டு வரிசைகளை வெளியிட்டார்கள். எதிர்ப்பு அபாரம். ஆனால் நூற்புழு மிகுந்த வயலில், வேர் புழுவை எதிர்த்த வேகத்தில் செடியே குறுகி நின்றுவிட்டது. அத்தனை வருட உழைப்பும் நேராக உழவர் வயலுக்குப் போக முடியவில்லை. அதனால் எதிர்ப்பை மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள். பூச்சி உள்ள பாத்தி, இல்லாத பாத்தி இரண்டிலும் மகசூலை எடைபோடுங்கள்.

படி 9: பஞ்சு, பிறகு வயல்

மூன்றாவது பின்கலப்பிலிருந்து ஒவ்வொரு செடியின் பருத்தியையும் தனித்தனியே அரைத்து, அதாவது விதையிலிருந்து பஞ்சைப் பிரித்து, பாருங்கள். நல்ல ஹிர்சுட்டம் 100 கிலோ பருத்திக்கு 33 முதல் 38 கிலோ பஞ்சு தரும். உங்கள் செடி 25-இல் நின்றால் இன்னொரு பின்கலப்பு தேவை. பிறகு இழை நீளம், வலிமை, நுண்மை ஆகியவற்றை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். குணம் நிலைத்த வரிசைகள் கிடைத்ததும் அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தி ஆராய்ச்சித் திட்டத்தின் பல இடச் சோதனைக்குப் போகலாம். நேரடியாக ரகமாகாவிட்டாலும் மற்றவர்கள் ரகம் உருவாக்கப் பெற்றோராகப் பயன்படும். காட்டுக் கலப்பிலிருந்து வரும் பெரும்பாலான வரிசைகளின் பயன் அப்படித்தான்.

ஒவ்வொரு தலைமுறை விதையிலும் பாதியை விதைக்காமல் உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் குளிரில் வையுங்கள். வெளியே ஓர் அட்டை, உள்ளே ஓர் அட்டை, இரண்டிலும் பென்சில் எழுத்து. நாலாவது பின்கலப்பில் குணம் காணாமல் போனால் மூன்றாவதுக்குத் திரும்ப அந்த விதைதான் இருக்கும். தொட்டியில் இருக்கும் காட்டுச் செடியையும் வேலை முடிந்தது என்று பிடுங்கிவிடாதீர்கள். மார்கழியில் கவாத்து செய்து, தண்ணீர் காட்டி வைத்திருங்கள். அடுத்த குணத்தைத் தேடி அதனிடமே வர வேண்டியிருக்கும்.